உன் மாமியாரும் நானும் ஏறி நின்ற எடை மெஷின்

பிரபு,

நேற்று காலை நீ போனில் போட்ட சத்தத்தில் உன் அப்பா டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "இன்னா ஆச்சு? மருமவ திவ்யாவுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று ஓடி வந்தார். திவ்யாவுக்கு ஒன்றும் இல்லை, நான் எடை மெஷினில் ஏறி நின்றேன், அவ்வளவுதான் விஷயம் என்று சொன்னதும் அவர் மறுபடியும் டீயைக் குடிக்கப் போய்விட்டார். நீ கொரியரில் அனுப்பிய அந்தக் கண்ணாடி மெஷினில் நான் இங்கே ஆம்பூரில் கால் வைத்தால் அங்கே புனேயில் உன் போனில் சிவப்பு எரிகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு என்னால் போனில் பதில் சொல்ல முடியவில்லை. "ம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி அறுபத்தாறு கிலோ இருந்த, அப்ப பி.எம்.ஐ. இருபத்தேழரை. இப்ப அறுபத்தஞ்சுதான் இருக்க, ஆனா இருபத்தெட்டரைன்னு காட்டுது. எடை எறங்குனா நம்பர் எப்படி ஏறும்? ஒண்ணு மெஷின் ரிப்பேர், இல்லன்னா நீ எதையோ மறைக்கிற" என்றாய். மெஷின் ரிப்பேர் இல்லை, பிரபு.

நான் மட்டும் மறைத்திருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன். இதில் உன் மாமியாருக்கும் பாதி பங்கு உண்டு. அதனால் உன் போனை வைத்ததும் குடியாத்தத்துக்குப் போன் போட்டேன். "சொல்லிடுங்க சம்மந்தி, இனிமே இன்னா பயம்? ஆனா எழுதியே சொல்லுங்க. போன்ல சொன்னா நடுவுல நடுவுல கத்துவாரு மாப்ள" என்றார்கள். ஆகவே இந்தக் கடிதம். திவ்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

உன் நிச்சயதார்த்தத்தன்று குடியாத்தம் மண்டபத்தில் போட்டோ எடுத்தது உனக்கு நினைவிருக்கும். நானும் உன் மாமியார் கஸ்தூரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர்கள் லுங்கி மடிக்கும் வேலையில் இத்தனை வருஷம் நின்றே பழகியவர்கள், குச்சி மாதிரி உடம்பு. போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மாப்ள அம்மா, கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க, ஃப்ரேம் நெறஞ்சிடுச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய், அதில் தப்பில்லை. திரும்பி வரும்போது காரில், "எவ்ளோ எடைம்மா நீ? உயரம் எவ்ளோ?" என்று கேட்டாய். அறுபத்தாறு கிலோ, நூற்றைம்பத்தைந்து சென்டிமீட்டர் என்றேன். போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "இருபத்தேழரை. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் கம்மி பண்ணும்மா, உனக்குதான் நல்லது" என்றாய். அன்போடுதான் சொன்னாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருந்தால் கூட நல்லதாய்ப் போயிருக்கும். எனக்கு வந்தது வெட்கம்.

அந்த வெட்கத்தில் இன்னொன்றும் கலந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை பெண் பார்க்கப் போனபோது, திவ்யா காப்பித் தட்டோடு வந்து போனதும், "பொண்ணு லட்சணமா இருக்கா, இன்னும் கொஞ்சம் சதை போட்டா நல்லா இருக்கும்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். என் வாய்க்கு அன்று பூட்டு இல்லை. இருபத்தேழு வருஷம் ஷூ கம்பெனியில், அதில் பாதி செக்கிங் செக்‌ஷனில், தையல் ஒரு நூல் விலகினாலும் எடுத்து ஓரமாய்ப் போட்ட கை இது. பெண்களையும் அப்படியே பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டிருந்தது. பிறகு என்னையும் அதே கண்ணால் பார்த்துக்கொண்டேன். திவ்யாவிடம் இதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவளும் சிரித்துவிட்டுத் தலையாட்டினாள். உனக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து ஏழு வாரம் நான் பட்டினி கிடந்தேன். காலையில் தேன் கலந்த எலுமிச்சம்பழத் தண்ணீர், மதியம் ஒரு சப்பாத்தி, ராத்திரி வெள்ளரிக்காய். எல்லாம் போன் வீடியோவில் யாரோ ஒரு பெண் சொன்னது, அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. உன் அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுவேன். எனக்கு அவித்த முட்டையை அவர் தட்டில் வைத்துவிடுவேன். அவர் அந்த ஏழு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினார், கேட்டால் தோல் பதனிடும் டேனரி வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு உடம்பு தேறுகிறது என்றார். எனக்கு ஐந்து கிலோ இறங்கியது. தெருவில் எல்லாரும், "இன்னா, பொண்ணு மாதிரி ஆயிட்ட?" என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில், தரையிலிருந்து எழும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்ததையும், பஸ் படி ஏற இரண்டு கையும் தேவைப்பட்டதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முகூர்த்தப் புடவை எடுக்க நானும் உன் மாமியாரும் வேலூருக்குப் போனோமே, அன்றைக்கு நடந்ததுதான் கதை. உன்னிடம், "ஒண்ணும் மனசுக்குப் புடிக்கல, அடுத்த வாரம் மறுபடி போறோம்" என்று சொன்னோம். "ஒரு புடவைக்கு ரெண்டு ட்ரிப்பா?" என்று நீ கிண்டல் செய்தாய். உண்மையில் அன்று நாங்கள் மூன்று புடவைதான் பார்த்தோம். நான்காவதை அந்தக் கடைப்பையன் விரித்து உதறினான். அரக்கு நிறம், மாம்பழ பார்டர். குனிந்து ஜரிகையைப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். விரித்துப் போட்டிருந்த பட்டுப்புடவை மேலேயே முகம் குப்புற விழுந்திருக்கிறேன். கஸ்தூரியம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் அந்தப் பையன் அலறியிருக்கிறான்: "ஆன்ட்டி, பட்டு மேல தெளிக்காதீங்க! கொஞ்சம் இருங்க, புடவைய உருவிக்கிறேன்!" எனக்கு நினைவு வந்தபோது முதலில் காதில் விழுந்தது என்னைத் தாங்கிப் பிடித்திருந்த உன் மாமியாரின் குரல்தான். "மனுஷி விழுந்து கெடக்கா, இவன் புடவைய உருவுறான் பாரு!"

என்னை உட்கார வைத்ததும் விசாரணை ஆரம்பித்தது. "காலைல இன்னா சாப்டீங்க சம்மந்தி?"

"எலுமிச்சம்பழத் தண்ணி."

"நேத்து ராத்திரி?"

"வெள்ளரிக்கா."

"இன்னாத்துக்கு?"

பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "போட்டோவுல உங்க பக்கத்துல நிக்கணுமே." அவர்கள் என்னைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தார்கள். பிறகு வெளியே போய் ஜூஸ் வாங்கி வந்தார்கள். பக்கத்துக் கடைதான், பத்தடி தூரம். திரும்பி வந்தபோது அவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஏசி ஓடுகிற கடையில் நெற்றியெல்லாம் வேர்வை. டம்ளரை என்னிடம் நீட்டும்போது கை நடுங்கி, பாதி ஜூஸ் அவர்கள் புடவையிலேயே கொட்டியது. செக்கிங்கில் இருந்த கண் சும்மா இருக்குமா? ஜாக்கெட் தொளதொளவென்று ஆகி, தோளில் பின் குத்திப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "உங்களுக்கு இன்னா சம்மந்தி?" என்றேன். "எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல, வெயிலு" என்றார்கள். ஆட்டோ பிடித்து ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். என்னைக் காட்டத்தான் போனோம்.

கிளினிக்கில் நர்ஸ் பெண் முதலில் எடை பார்த்தாள், அறுபத்தொன்று. அப்புறம் சுவரில் ஒட்டிய அளவுகோலில் என்னை நிறுத்தி, "நூத்தி அம்பத்தொண்ணு" என்றாள். நான் விடவில்லை. "அம்பத்தஞ்சும்மா. கம்பெனியில சேரும்போது எடுத்த கார்டு இருக்குது" என்றேன். மறுபடி அளந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன், முதுகை நிமிர்த்தினேன், மூச்சை இழுத்துப் பிடித்தேன். மூன்றாவது தடவையும் நூற்றைம்பத்தொன்றுதான். "கார்டு எப்ப எடுத்ததும்மா?" என்று அவள் கேட்டாள். நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான்கு சென்டிமீட்டர் குட்டையானதே தெரியாமல் நான் இத்தனை நாள் நடந்திருக்கிறேன், பிரபு.

நீ போனில் கேட்ட கணக்குக்கு விடை இதுதான். டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உயரம் இரண்டு முறை வருவதால், அது கொஞ்சம் குறைந்தாலும் எண் நிறைய ஏறும். நீ காரில் போட்ட இருபத்தேழரை, இல்லாத நான்கு சென்டிமீட்டரை வைத்துப் போட்டது. சரியான உயரத்தை வைத்தால் அன்று என் எண் கிட்டத்தட்ட இருபத்தொன்பது. ஏழு வாரம் பட்டினி கிடந்து நான் இறக்கிய எண் இருபத்தாறே முக்கால், நீ சொன்னதிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நீ அனுப்பிய மெஷினில் நான் உண்மையான உயரத்தைப் போட்டேன், அதனால்தான் உன் போன் சிவப்பானது.

"அஞ்சு கிலோ எறங்குச்சேன்னு சந்தோஷப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த வயசுல பட்டினி கெடந்தா போறதுல நெறைய தசைதாம்மா, கொழுப்பு மட்டும் இல்ல. நம்மள எழுப்பி நடக்க வெக்கிறதே அந்தத் தசைதான். அது போனா விழுவோம். விழுந்தா எலும்பு ஒடையும்." என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். ஐந்தாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். "உங்க எடையை விட உங்க உயரம் கொறஞ்சதுதான் எனக்குக் கவலை, முதுகெலும்பு மெலிஞ்சாலும் இப்படி ஆகும்" என்று எலும்பு கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு எழுதினார். பிறகு டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்தார். எண்பது சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லதாம், எனக்குத் தொண்ணூற்று மூன்று. அதை மட்டும் மெதுவாக, நடந்து, பருப்பு முட்டை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டே குறைக்கச் சொன்னார். அறுபத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு எண் கொஞ்சம் ஜாஸ்தி இருப்பதைவிட ரொம்பக் கம்மி ஆவதுதான் பயம் என்றும் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்க கம்பெனியில கூட அப்படித்தான் மேடம். ரெண்டு ஷூ ஒரே நம்பர் இருக்கும், ஒண்ணு அகலப் பாதத்துக்கு, ஒண்ணு ஒடுங்குன பாதத்துக்கு. நம்பர மட்டும் பாத்து பாக்ஸ்ல போட்டா மாத்திப் போயிடும்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

போக எழுந்தபோதுதான் கஸ்தூரியம்மா, "நானும் ஒரு வாட்டி ஏறிப் பாக்கட்டுமா மேடம், சும்மா?" என்றார்கள். நாற்பத்தெட்டு கிலோ. எண் இருபத்தொன்றுக்குக் கொஞ்சம் கீழே. உன் போனாக இருந்தால் பச்சை விளக்குப் போட்டுக் கை தட்டியிருக்கும். கஸ்தூரியம்மாவும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். டாக்டரம்மா கேட்டார்: "போன வருஷம் எவ்ளோ இருந்தீங்க?"

"அம்பத்தஞ்சு மேடம்."

"கொறைக்கணும்னு கொறைச்சீங்களா?"

"இல்லியே. தானா கொறஞ்சது. நல்லாத்தான் சாப்டுறேன், முன்னவிட ஜாஸ்தியாவே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். மூன்றாவது தடவையே கஸ்தூரியம்மா மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். குண்டாக இருந்த நான் ஐந்து தடவை எழுந்தேன், ஒல்லியாக இருந்த அவர்கள் மூன்றில் நின்றார்கள். நான் எந்த உடம்பைப் பார்த்து ஏங்கிப் பட்டினி கிடந்தேனோ, அந்த உடம்பு நோயில் இளைத்துக்கொண்டிருந்தது. "இந்த வயசுல எடை தானா எறங்குனா, நம்பர் எவ்ளோ நல்லா இருந்தாலும் ஏன்னு பாத்தே ஆகணும்" என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

ரிப்போர்ட் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் உன் மாமியார் என்னிடம் தவிர வேறு யாரிடமும் இதைப் பேசவில்லை. போனில், "சம்மந்தி, கெட்ட வியாதியா இருந்தா என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுற வரிக்கும் வெளிய சொல்லாதீங்க. கல்யாணத்த நிறுத்திடப் போறாங்க" என்று அழுதார்கள். "யாரு நிறுத்துவாங்க? மாப்ள அம்மா நான்தான? நான் நிறுத்த மாட்டேன்" என்றேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, எனக்கும் அந்த இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சாப்பிடச் சொல்லி டாக்டரே சொன்ன பிறகு சாப்பிட முடியாமல் போனதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ரிப்போர்ட் வாங்க நானும் கூடப் போனேன். உள்ளே போகும்வரை இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் பார்க்கப் போகிற பெண்கள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

தைராய்டு. கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி தேவைக்கு மேல் வேலை செய்து உடம்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. மாத்திரையில் கட்டுப்படுத்தலாம், ஆனால் விட்டிருந்தால் இதயத்தைப் பிடித்திருக்கும் என்றார் டாக்டரம்மா. கஸ்தூரியம்மா வெளியே வந்ததும், "பசிக்குது சம்மந்தி" என்றார்கள். எதிரில் இருந்த ஹோட்டலில் ஆளுக்கு இரண்டு ஆம்லெட் சாப்பிட்டோம். அங்கேதான், கல்யாணம் முடிந்து நீங்கள் புனேயில் நிலைகொள்ளும் வரை இதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். உனக்கு உன் வார்த்தையால்தான் அம்மா விழுந்தாள் என்று இருக்கும். திவ்யாவுக்கு அம்மாவை விட்டுப் போகிறோமே என்று இருக்கும். அது நல்ல முடிவா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. மறைக்கிற அளவுக்கு அதில் கேவலம் எதுவும் இல்லை. இதைப் படித்துத் திவ்யாவுக்குக் கோபம் வந்தால், அது நியாயமான கோபம், அவளைத் தடுக்காதே.

என் ஸ்கேனில் எலும்பு கொஞ்சம் மெலிந்திருந்தது. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன், காலை வெயிலில் நடக்கிறேன். ஏழு மணிக்கு நானும் உன் மாமியாரும் வீடியோ காலில் உட்காருவோம். "ஒண்ணு, எந்திரிங்க! ரெண்டு, எந்திரிங்க!" என்று அவர்கள் எண்ணுவார்கள். உன் அப்பா முதல் வாரம் கேலி செய்தார், இரண்டாம் வாரம் ஓரமாக நின்று முயன்று பார்த்தார், எட்டாவது தடவையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். உன் மாமியார் அங்கிருந்து, "அண்ணனுக்கு ஸ்டூல் போடுங்க" என்றார்கள். இப்போது அவர்கள் ஐம்பத்துமூன்று கிலோ. எண் ஏறியிருக்கிறது, கை நடுக்கம் நின்றிருக்கிறது. என் எடை பட்டினிக்கு முன்பிருந்ததைவிட ஒரு கிலோதான் குறைவு, ஆனால் இடுப்பு தொண்ணூறுக்கு வந்துவிட்டது, சுவரைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுகிறேன்.

ஆகவே சிவப்பைப் பார்த்துப் பயப்படாதே. அதற்காக மெஷினையும் தூக்கிப் போடாதே, தானாக ஏறினாலும் தானாக இறங்கினாலும் தெரிய வேண்டுமே. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு இன்னும் நாலு கேள்வி கேள். உயரத்தை எப்போது அளந்தாய், இடுப்பு எவ்வளவு, சர்க்கரை எப்படி, எத்தனை தடவை எழுந்தாய் என்று கேள். உனக்கும் வயதாகும், திவ்யாவுக்கும் ஆகும். அவள் உடம்பைப் பற்றி யாராவது, அது நானாகவே இருந்தாலும், மேலும் கீழும் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால், அங்கேயே நிறுத்து. சிரித்து மழுப்பாதே.

கடைசியாக ஒரு செய்தி. நீ வாடகைக்கு எடுத்திருக்கும் வீடு நான்காவது மாடி, லிப்ட் இல்லை, அதனால்தான் எங்களை வரச் சொல்லத் தயங்குகிறாய் என்று திவ்யா சொன்னாள். அடுத்த மாதத்துக்கு நானும் சம்மந்தியும் டிக்கெட் எடுத்துவிட்டோம். ஸ்டேஷனுக்கு வந்து பைகளை மட்டும் நீ தூக்கிக்கொள். படிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் அம்மா